தானாக நீண்ட கல்வரிசை

வலங்கைமான் பக்கம் ஒரு புது வீட்டு வாசலுக்குப் பேவர் பிளாக் கல் பதிக்க ஒப்புக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரன் முன்பு என்னிடம் கல் பதித்தவன். இப்போது மஸ்கட்டில் அதே வேலை. வெள்ளிக்கிழமை புதுமனை புகுவிழா. அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. “வாசலையாவது முடிச்சுக் குடுத்துடுங்கண்ணே” என்று போனில் கேட்டான். வாக்குக் கொடுத்துவிட்டேன். ஆள்தான் இல்லை. ஒருவன் சிங்கப்பூர், இருவர் திருப்பூர், எடுபிடிக்கு வந்தவன்கூட துபாய். கம்பெனியில் மிஞ்சியது முதலாளியான நானும் என் தொப்பையும்.

திங்கட்கிழமை தனியாக மூன்று வரி பதித்தேன். நான்காவதற்கு முதுகு ஒத்துக்கொள்ளவில்லை. கொல்லையில் கூரைவீட்டில் இருந்த, வீட்டுக்காரன் மனைவி விடியும்போதே நடவுக்குப் போய்விடுவார். தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடந்தது. என் சுத்தியல் சத்தம் எதிர்ச்சுவரில் பட்டு, கொஞ்சம் தாமதித்துத் திரும்பி வந்தது.

செவ்வாய் காலை எட்டு வரி இருந்தது.

இரண்டு முறை எண்ணினேன். நேற்று என்னை அறியாமல் உழைத்திருக்கிறேன் என்று மெச்சிக்கொண்டு, இன்னும் இரண்டு பதித்துவிட்டுப் போனேன்.

புதன் காலை பதினேழு. வரி பிடிக்கும் நூல் ஆணியில் இல்லை. உடைந்த கல்லில் மூன்று சுற்றுச் சுற்றியிருந்தது. அப்படிச் சுற்றுகிறவன் மஸ்கட்டில் இருக்கிறான். போன் போட்டேன். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அங்கே ஆள் செத்துப்போய்விட்டான், அரைகுறை வாசலைப் பொறுக்காமல் வந்திருக்கிறான் என்று என் மூளை தீர்ப்பே எழுதிவிட்டது. அப்போது வீட்டின் பின்னால் கேட்டது. டொக். டொக். மூச்சை அடக்கினேன். சத்தமும் நின்றது.

ஓடியவன் தெருமுனை டீக்கடையில்தான் நின்றேன்.

“ஒரு கால் செருப்பு எங்கண்ணே?” என்றார் டீக்கடைக்காரர்.

“வேலைக்கு விட்டுட்டு வந்திருக்கேன். ஆள் பத்தலை.”

போன் அடித்தது. மஸ்கட்.

“உயிரோடதான் இருக்கியா?”

“இந்த வெயில்ல பாதி உயிருண்ணே. சைட்ல இருந்தேன். என்ன விஷயம்?”

சும்மாதான் என்று வைத்துவிட்டுத் திரும்பி நடந்தேன். கொல்லையில் அவன் மனைவி உட்கார்ந்து, ஓரத்துக்கான அரைக்கல்லை உளியால் வெட்டிக்கொண்டிருந்தார்.

“நடவு நேத்தோட முடிஞ்சுதுண்ணே. மிச்சத்தை இன்னிக்கே போட்டுடலாம்.”

“நீயாம்மா பதிச்சே?”

“எட்டு வருஷம் அவருக்கு நூல் புடிச்சேனே.”

“சொல்லியிருக்கலாம்ல?”

“போன வருஷம் வேலை கேட்டேன். பொம்பளைன்னா கல்லு தூக்கத்தான்னு சொன்னீங்க.” உளியை நிறுத்தவில்லை. “சொன்னா வேலையப் புடுங்கிட்டு வேற ஆள் தேடுவீங்க. வெள்ளிக்கிழமை நாலு சனம் வருது. சேத்துல நிக்கவைக்க முடியாது.”

அவர் வாசலுக்குப் போய் நூலைப் பிடித்து உட்கார்ந்தார். நான் கல்லை எடுத்துவந்து பக்கத்தில் போட்டேன்.

“போடாதீங்கண்ணே, முனை உடையும். கையில குடுங்க.”

“சரிங்க” என்றேன்.