சாதகம் திரும்பிப் போன பிறகு

எங்கள் பக்கத்தில் கலியாணப் பேச்சு என்றால் முதல் வேலை விசாரிப்பு. மாப்பிள்ளை குடிக்கிறவரா, குடும்பத்தில் நோய் வருத்தம் ஏதும் உண்டா என்று நாலு பேரிடம் காதோடு காதாகக் கேட்பார்கள். தங்கைக்குச் சம்பந்தம் வந்தபோது அம்மா அந்த வேலையை என் தலையில் கட்டினார். நான் ஆஸ்பத்திரியில் உளவளத்துணையாளர்; பல சனத்தோடு பழகுகிறவள்.

தரகர் தந்த படத்தில் இருந்தவரை எனக்குத் தெரியும். எட்டு மாதமாகச் செவ்வாய்தோறும் ஆஸ்பத்திரியில் என் முன்னால் வந்து அமர்கிறவர். வாழப் பிடிக்கவில்லை என்று வந்தவர், இப்போதுதான் ஒழுங்காக நித்திரை கொள்ளத் தொடங்கியிருந்தார். வீட்டுக்குத் தெரியாமல்தான் வருவார். அதனால் முதல் நாளே சொல்லியிருந்தேன்: “வெளியிலை எங்கை கண்டாலும் நான் முந்திக் கதைக்கமாட்டன். நீங்கள் கதைச்சாத்தான் நானும் கதைப்பன்.” அதைக் கேட்டுத்தான் அவர் முதன்முதல் சிரித்தார்.

“உந்தப் பெடியனைத் தெரியுமோ பிள்ளை?” அம்மா கேட்டார்.

“தெரியாது.”

சொல்லமாட்டேன் என்றாலே சொன்னதாகிவிடுமே. அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தங்கை அந்தப் படத்தை மேசை லாச்சியைத் திறந்து எடுத்து எடுத்துப் பார்ப்பாள். அவளைக் கண்டால் நான் அடுப்பைப் பார்க்கிற சாட்டில் குசினிக்குள் போய்விடுவேன். தரகர் மேல் கோபம், அம்மா மேல் கோபம், வேறு ஊரில் பெண் பார்க்காத அந்த வீட்டுக்காரர் மேலும் கோபம். எங்கள் டொக்டரிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன்.

“செவ்வாய்க்கிழமை வரட்டும். நாங்களே காரணத்தைச் சொல்லி அவரை மற்ற மிஸ்ஸிட்டை மாத்துவம்” என்றார்.

செவ்வாய்க்கு முன்னமே சாத்திரியார் பொருத்தம் காணாது என்றுவிட்டார். சாதகம் திரும்பிப் போனது. எனக்கு மூச்சு வந்தது. அதை நினைக்க இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

செவ்வாய் அவர் வரவில்லை. பெண்ணின் அக்கா நான்தான் என்று தரகர் வாயால் அறிந்திருக்கிறார். தாதி போன் எடுத்தபோது, “மிஸ் எல்லாத்தையும் வீட்டிலை சொல்லிப்போட்டா. பிறகு சாதகத்திலை பழியைப் போட்டாச்சு. இனி நான் ஒருத்தரிட்டையும் வாய் திறக்கமாட்டன்” என்றாராம். டொக்டரும் பேசிப் பார்த்தார். அவர் நம்பவில்லை. வீடு தேடிப் போய் நானே சொல்லவும் முடியாது. போனால் வீட்டுக்குத் தெரிந்துவிடும்.

போன சனி கொடிகாமம் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நிமிர்ந்தால், எதிரே அவர். நன்றாக மெலிந்திருந்தார். கண்கள் பழையபடி நித்திரையில்லாத கண்கள். நான் சொல்லேல்லை, சத்தியமாச் சொல்லேல்லை என்று தொண்டைவரை வந்துவிட்டது. பக்கத்தில் அவருடைய தாயார். நான் முந்திக் கதைக்கக்கூடாது. கத்தரிக்காயைக் கையில் பிடித்தபடி, அவர் ஒரு வார்த்தை கேட்கமாட்டாரா என்று நின்றேன்.

தாயார் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஆர் தம்பி அது, தெரிஞ்ச ஆளோ?”

“தெரியாது, அம்மா” என்று சொல்லிவிட்டு, அவர் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.