ஐந்தாம் இடத்துக்கு ஒன்பது ரன்

பார்படோஸில், செயிண்ட் பிலிப்பின் கரும்புக்காட்டுக்கு நடுவே இருக்கிறது எங்கள் கிளப். அதற்கு நூறு வயது ஆனதும், இதுவரை ஆடியவர்களில் தலைசிறந்த பதினொருவரின் பெயரைப் பலகையில் பொறிக்கக் கமிட்டி கூடியது. தொடக்க ஆட்டக்காரர்களும் பந்துவீச்சாளர்களும் அரைமணியில் தேறிவிட்டார்கள். நடுவரிசையில்தான் வண்டி நின்றது. மூன்றாம் இடம் காலமாகிவிட்ட யெர்வுடுக்கு. நான்காம் இடம் பழைய கேப்டனும் கமிட்டித் தலைவருமான கிளைட் போவெலுக்கு. அதை முன்மொழிந்தவரும் அவரே. ஆறாம் இடம் விக்கெட் கீப்பருக்கு. ஐந்தாம் இடத்துக்கு டார்ன்லி கிட்டன்ஸ் என்றேன் நான். நாற்பது வருஷமாக ஸ்கோர் புத்தகம் என் மடியில்தான் இருக்கிறது.

"சராசரி முப்பதாச்சும் இருக்கணும், மிஸ் ஜெசமி. அவனுக்கு இருபத்தொம்பதே சொச்சம்தான்," என்றார் போவெல்.

"பத்தொம்பது ரன் அவுட், கேப்டன். அதுல பதினேழு நீங்க கூப்பிட்டு ஓடினது."

"வேணாம்னு கத்த வேண்டியதுதானே? வாயில என்ன கொழுக்கட்டையா?"

டார்ன்லி சர்க்கரை ஆலையில் கிரேன் ஓட்டியவன். சனிக்கிழமை வேலை முடிந்து, கையில் கிரீஸ் வாடையோடு வந்து கால்காப்பு கட்டுவான். எதிர்முனையில் போவெல் நிற்பார். வங்கி மேலாளர், தீவு அணித் தேர்வாளர் கண்ணில் பட்டுவிட மாட்டோமா என்று தவம் கிடந்தவர். பந்தைத் தட்டிவிட்டு, ரன் இருக்கிறதோ இல்லையோ, ஓடி வருவார். கடைசியில் இருவரும் ஒரே முனையில் நிற்பார்கள். யாராவது ஒருவர் மறுமுனைக்கு ஓடி அவுட் ஆக வேண்டும். டார்ன்லி ஓடுவான். ஒருமுறை தொண்ணூற்று நான்கில் இருந்தபோதும் ஓடினான். அன்று போவெல் சதம் அடித்தார். பேப்பரில் படம் வந்தது. டார்ன்லியின் பெயரை நான் அச்சில் பார்த்ததே இல்லை. எனக்கு வயிறு எரிந்தது, இன்னும் எரிகிறது.

கமிட்டியின் மூன்றாவது ஆள், பள்ளி ஆசிரியர் இன்னிஸ், கணக்குப் போட்டு ஒரு வழி சொன்னார். பலகை திறக்கும் நாளில் பழைய ஆட்டக்காரர்களின் மேட்ச் உண்டு. அதில் டார்ன்லி அவுட் ஆகாமல் ஒன்பது ரன் எடுத்தால் சராசரி சரியாக முப்பது. இல்லையென்றால் ஆலீன். அவன் இரண்டே கோடையில் சோப்ளாங்கி அணிகளை அடித்துத் துவைத்துவிட்டு கனடாவுக்குக் கப்பலேறியவன்.

ஈனிட்டின் ரம் கடையில் டார்ன்லியிடம் இதைச் சொன்னேன். டாமினோ கட்டையைக் கீழே வைத்துவிட்டான்.

"ஒம்பதுதானே மிஸ்? இந்தத் தடவ பிஷப்பே கூப்பிட்டாலும் கோட்ட விட்டு நகர மாட்டேன்."

"நீயா? நாய் வால நிமித்த முடியுமா?" என்றாள் ஈனிட். கடையே சிரித்தது. அவனும் சிரித்தான்.

அறுபத்தாறு வயதில், வீங்கிய முழங்காலோடு இறங்கினான். இரண்டு பவுண்டரி. எட்டு ரன். இன்னும் ஒன்றே ஒன்று. எதிர்முனையில் போவெல் பந்தை கவர் பக்கம் தட்டிவிட்டு "வா!" என்று கிளம்பினார். டார்ன்லி அசையவில்லை. மட்டையைக் கோட்டுக்குள் ஊன்றி நின்றான். மைதானம் முழுக்க "நில்லு டார்ன்லி!" என்று கத்தியது, என் குரலும் அதில் உண்டு. போவெல் அவன் பக்கத்திலேயே வந்து நின்றுவிட்டார். பந்து மறுமுனைக்குப் போய்க்கொண்டிருந்தது. அவன் நின்றால் போதும், அவுட் ஆவது போவெல்தான். போவெலின் வாய் அசைவது தெரிந்தது.

டார்ன்லி ஓடினான். பாதி தூரம்கூடப் போகவில்லை, ஸ்டம்ப் சிதறிவிட்டது.

ஒன்பது என்று எழுதிவிடலாமா என்று கை துடித்தது. எழுதியும் பிரயோஜனமில்லை; அவுட் அவுட்தான். போவெல் ஐம்பது அடித்து, கைதட்டலுக்குத் தொப்பியைத் தூக்கினார். ஐந்தாம் இடத்தில் ஆலீன் பெயர் ஏறியது. கமிட்டி அனுப்பிய கடிதத்துக்கு அவன் பதில்கூடப் போடவில்லை.

அன்று ஆட்டம் முடிந்தபோது டார்ன்லி கிளப் படியில் உட்கார்ந்து முழங்காலுக்கு ஐஸ் வைத்துக்கொண்டிருந்தான். எனக்கு அவனை நாலு அறை விடலாம் போலிருந்தது.

"அப்படி என்னதான்டா சொன்னாரு அந்த மனுஷன்?"

"ஒண்ணும் சொல்லல மிஸ். அவருக்கு மூச்சு வாங்கிச்சு. திரும்பி ஓட அவரால முடியாது, பாவம்."