கூனிமேட்டில் பார்த்த தழும்பு

2005 கோடை. சுனாமி வந்துபோன அடுத்த வருஷம். மரக்காணத்தில் எங்கள் உப்பளத்தில் உப்பு வாரும் மும்முரத்தில் இருந்தபோதுதான் என் மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. புற்றுநோய், சீக்கிரம் ஆபரேஷன் செய்துவிட வேண்டும் என்றார் புதுச்சேரி டாக்டர்.

கத்தி என்றதும் எனக்குப் பயம். என்னைவிட என் கணவருக்கு. அங்கே இங்கே விசாரித்து, கட்டியைக் கரைக்கும் என்று ஒருவர் தரும் பொடியை வாங்கிவந்தார். உப்பே சேர்க்கக் கூடாது என்பது பத்தியம். வெளியே உப்பு மலையாய்க் குவிந்து கிடக்க, வீட்டுக்குள் சப்பென்று கஞ்சி. நான் படும் பாட்டைப் பார்க்கப் பொறுக்காமல் அவரும் உப்பை விட்டுவிட்டார். அந்த மனுஷனை எப்படிக் கோபித்துக்கொள்வது?

ஆனால் குளிக்கும்போது தொட்டுப் பார்த்தால் கட்டி அப்படியேதான் இருந்தது.

"குணமான ஒருத்தரையாவது நான் கண்ணால பார்க்கணுங்க" என்றேன்.

"கூனிமேட்டுல ஒரு அம்மா இந்தப் பொடியிலயே பொழைச்சிட்டாங்களாம். வா, போய்க் கேட்டுடலாம்" என்று பைக்கில் அழைத்துப்போனார்.

மளிகைக் கடை வைத்திருந்த முஸ்லிம் குடும்பம். அந்த அம்மா என் கணவரைக் கடையில் உட்காரவைத்துவிட்டு, என்னை உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். பொடியைப் பற்றிக் கேட்டேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், மெல்லத் துப்பட்டியை விலக்கி, ரவிக்கையை அவிழ்த்தார். ஒரு பக்க மார்பு இருந்த இடத்தில் நீளமாய் ஒரு தழும்பு.

"ஆபரேஷன் பண்ணித்தாம்மா எடுத்தாங்க. மெட்ராஸ்ல கரண்டும் வச்சாங்க, அதான் கதிர்வீச்சு. வீட்டுக்கு வந்தப்புறந்தான் இந்தப் பொடி தின்னேன். மாரை எடுத்துட்டாங்கன்னு ஊர்ல எப்படிச் சொல்றது? பொடியில சரியாயிடுச்சின்னு சொல்லிட்டோம். அதை நம்பி இப்படி ஒருத்தி வருவான்னு அல்லா மேல சத்தியமா நினைக்கலம்மா."

என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். "ஆஸ்பத்திரிக்குப் போம்மா. பயமா இருந்தா நானும் வர்றேன்" என்றார்.

சொன்னபடி வந்தார். ஆபரேஷன் அறை வாசல்வரை என் கையை விடவே இல்லை. மறுநாள் என் கணவர் கஞ்சியில் உப்புப் போட்டுக் கலக்கி எடுத்துவந்தார். முதல் வாய் அவரைக் குடிக்கச் சொன்னேன். குடித்துவிட்டு, கண்ணைத் துடைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இன்னாருக்கு இந்த மருந்தில் குணமாகிவிட்டது என்று யார் சொன்னாலும், அதற்கு முன்னால் என்ன சிகிச்சை நடந்தது என்று கேட்காமல் விடுவதில்லை நான். பயந்துபோய் என்னிடம் வரும் பெண்களுக்கு, கதவைச் சாத்திவிட்டு என் தழும்பைக் காட்டுகிறேன்; வெட்கத்தை விட்டு அந்த அம்மா எனக்குக் கொடுத்த உயிருக்கு வேறு எப்படி நன்றி சொல்வது?