மேகலா கேட்காமல் விட்ட கேள்வி

குடவாசல் பக்கம் வீடோ மனையோ வாங்க நினைப்பவர்கள் வக்கீலிடம் போவதற்கு முன்னால் ஜெக்கரியா பாயின் ஜெராக்ஸ் கடைக்குப் போவார்கள். பாயைப் பார்க்க அல்ல. அவர் குவைத்திலிருந்து திரும்பிக் கடை வைத்தவர். பத்திரத்தை நேராகப் பிடித்திருக்கிறோமா தலைகீழாகப் பிடித்திருக்கிறோமா என்பதைத் தாண்டி அவருக்கு ஒன்றும் தெரியாது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் மேகலாவைப் பார்க்கத்தான் கூட்டம்.

"வில்லங்கம் இருக்குங்களா பாய்?"

"இருக்கு இருக்கு. சாப்பிடப் போயிருக்கு. இப்ப வந்துடும்."

ஊர் தனக்கு வைத்த அந்தப் பெயரில் அவளுக்குக் கோபம் இல்லை. உள்ளூர ஒரு பெருமைகூட உண்டு. வில்லங்கச் சான்று எடுக்க வந்தவர்களிடம் சான்றை மட்டும் கொடுத்து அனுப்ப அவளால் முடிந்ததே இல்லை. வாங்கிப் படிப்பாள். படித்துவிட்டுக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள் என்றால், எதிரே நிற்பவர் அட்வான்ஸ் ரசீதைத் தேடத் தொடங்குவார்.

"அண்ணன் தம்பி கையெழுத்து இருக்கு. தங்கச்சி எங்க?"

"அதைத்தான் கட்டிக் குடுத்தாச்சேங்க."

"கட்டிக் குடுத்தா செத்துப்போச்சா? அதுக்கும் பங்கு உண்டுங்க. போய்க் கையெழுத்து வாங்கிட்டு வரச் சொல்லுங்க. இல்லேன்னா அந்த வீடு வேணாம்."

மூலப்பத்திரம் எங்கே, பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, பட்டா யார் பெயரில், கோயில் நிலமா, வாய்க்கால் புறம்போக்கைச் சேர்த்து வளைத்திருக்கிறார்களா என்று அவள் அடுக்கிக்கொண்டே போவாள். இதெல்லாம் படிப்பு கொடுத்த அறிவு அல்ல, அடி கொடுத்தது. பூதலூரில் அவள் அப்பா ஒரு வீடு வாங்கினார். விற்றவரின் அக்காள் ஒருத்தி கையெழுத்துப் போடவில்லை என்பது அவருக்குத் தெரியாது. நீட்டிய இடத்தில் படிக்காமல் கையெழுத்துப் போட்ட மனிதர். வழக்கு வந்தது, தோற்றார். பள்ளிக்கூடம் விட்டு வந்த மேகலா, வீட்டுச் சாமான்கள் தெருவில் கிடப்பதையும் அம்மா அவற்றுக்குக் காவலாக நிற்பதையும் பார்த்தாள். படிக்காமல் ஒரு காகிதத்திலும் கையெழுத்துப் போடுவதில்லை என்று அன்று முடிவு செய்தவள், பள்ளி ஆண்டு விழா ரசீதில்கூட அதை மீறியதில்லை.

வாடகை வீடுகளில் பாதி வாழ்க்கை போன பிறகு, அவளும் கணவர் நடராசனும் சொந்தமாக ஒரு வீடு பார்த்தார்கள். அரிசி ஆலையில் மேற்பார்வை வேலை நடராசனுக்கு. ஊர்க்கோடியில் ஒரு திடல். அதில் குணசேகரன் என்பவர் சிங்கப்பூர்ச் சம்பாத்தியத்தில் கட்டி, குடிவராமலே திருச்சிக்குப் போய்விட்ட வீடு. வீட்டுக்கு முன்னால் தார்ச்சாலை, சாலைக்கு அப்பால் ஆறு. ஆற்றங்கரையில் சற்றுத் தள்ளிக் காலனிக்காரர்களின் சுடுகாடு. வீட்டுக்குப் பின்னால் வயல், வயல் முடிகிற இடத்தில் காலனி.

சுடுகாடு கண்ணுக்குத் தெரிகிறதே என்று நடராசன் இழுத்தார்.

"எரிஞ்சவங்க எந்திரிச்சு வந்து நம்மகிட்ட பங்கு கேக்க மாட்டாங்க" என்றாள் மேகலா.

சித்திரை வெயிலில் இடத்தை நாலு பக்கமும் நடந்து பார்த்தாள். குணசேகரன் வந்தபோது அவரை நிற்கவைத்துக் கேள்வி கேட்டாள். கேட்டு முடித்ததும் அவர் கைக்குட்டையை எடுத்து முகம் துடைத்துக்கொண்டு, "பொண்ணு பாக்க வந்தப்பகூட இவ்வளவு கேக்கலீங்க" என்றார். பத்திரங்கள் சுத்தம். பட்டா சுத்தம். வீட்டை ஒட்டிய காலி இடத்தில் பொதுப்பாதை உண்டா என்று வக்கீல் கேட்டார். எந்தப் பதிவிலும் இல்லை. குணசேகரனும் இல்லை என்றார். எதிர்ச்சாரி டீக்கடையில் விசாரித்தாள்; அவர்களும் உதட்டைப் பிதுக்கினார்கள். கிரயம் இரண்டு பேர் பெயரிலும் இருக்க வேண்டும் என்று மேகலா பிடிவாதம் பிடித்தாள். அப்படியே பதிவானது.

அவள் விசாரித்ததெல்லாம் சாலையின் பக்கம் இருந்தவர்களை. பின்பக்கத்து வயலைத் தாண்டிக் காலனிக்குப் போய் ஒரு ஆளைக் கேட்கவில்லை. அங்கே போய்க் கேட்க என்ன இருக்கிறது என்று நினைத்தாள். அந்தத் தெருவில் பாதிப் பேருடைய மனைப்பட்டாவை அவள்தான் எடுத்துக் கொடுத்திருக்கிறாள்; ஆனாலும் அந்தத் தெருவில் அவள் கால் வைத்ததில்லை.

ஆனி மாதம் மதில் எழுந்தது. பின்பக்கம் தென்மேற்கில் திறப்பு வைத்தால் வீட்டுத்தலைவனுக்கு ஆகாது என்று வாஸ்துக்காரர் சொல்லியிருந்தார். மேகலாவுக்கு வாஸ்துவில் நம்பிக்கை கிடையாது. ஆனால் மதில் நல்லதுதானே, பாம்பு வராதே என்று விட்டுவிட்டாள். கல் சுமக்க வந்த சித்தாள்களில் ஒருத்தி அமிர்தம். காலனிக்காரி, மேகலாவை விட வயதில் மூத்தவள், பட்டா வாங்கிய வகையில் பழக்கம். பின்மதில் இடுப்பு உயரம் வந்த அன்று அவள் தலைச்சும்மாட்டை அவிழ்த்தபடி பக்கத்தில் வந்தாள்.

"கம்பியூட்டரம்மா, இங்கிட்டு ஒரு கேட்டு வச்சிடுங்களேன். கொஞ்சம் அகலமா."

"பின்னால வயலுதானே இருக்கு அமிர்தம். கேட்டு யாருக்கு, நண்டுக்கா?"

"இல்லம்மா... ஒரு ஆத்திர அவசரத்துக்கு."

"அதுக்குத்தான் முன்னால வாசல் இருக்கே."

அமிர்தம் வாய் திறந்தாள். மேஸ்திரி அங்கிருந்து, "ஏய், வாஸ்து பாக்க வந்தியா, கல்லு தூக்க வந்தியா?" என்று கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். அமிர்தமும் சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

அவள் சொல்ல வந்தது இதுதான். காலனியில் யார் இறந்தாலும் பாடை அந்த வயல் வரப்பில் வந்து, திடலைக் கடந்து, சாலையைத் தாண்டி ஆற்றங்கரைக்குப் போகும். காலனிக்குச் சிமெண்டுச் சாலை இருக்கிறது. அது நடுத்தெரு வழியாகத் தார்ச்சாலையில் சேர்கிறது. உயிரோடு இருப்பவர்கள் அதில் நடக்கலாம், ஓட்டுப் போடப் போகலாம், நடுத்தெருக்காரர்களின் வயலுக்கு நாற்றுக்கட்டு சுமந்துபோகலாம். செத்தவர்கள் மட்டும் போகக் கூடாது. எங்கும் எழுதப்படாத சட்டம். எழுதிய சட்டங்களை மீறுகிற எவனும் இதை மீறுவதில்லை. சாவு நாளில் மட்டும் கால் படுகிற வழியில் புல் தேய்வதில்லை. அதனால்தான் சித்திரை வெயிலில் மேகலாவின் கண்ணுக்கு ஒரு தடமும் தெரியவில்லை. குணசேகரனுக்குத் தெரியும், சொன்னால் விலை இறங்கும். டீக்கடைக்குத் தெரியும், அவர்கள் அகராதியில் அது பாதையே அல்ல.

அமிர்தமாவது சொல்லியிருக்கலாமே என்றால், எப்படிச் சொல்வாள்? எழும்பிக்கொண்டிருக்கிற புதுவீட்டில் நின்று 'பொணம்' என்ற சொல்லை ஒரு காலனிப் பெண் உச்சரித்தால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். நாளைக்கு அந்த வீட்டில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலும் அவள் வாய்தான் காரணம் என்பார்கள். அபசகுனம் என்ற ஒரு மூடத்தனம், கேட்க வேண்டிய காதுக்கும் சொல்ல வேண்டிய வாய்க்கும் நடுவில் முதல் மதிலைக் கட்டியது. ஹாலோபிளாக் மதில் அதற்குப் பிறகு வந்தது.

ஆவணியில் பால் காய்ச்சிக் குடிபோனார்கள். கார்த்திகையில், மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பின்பக்கமிருந்து பறைச்சத்தம் கேட்டது. மேகலா அடுப்படி ஜன்னல் வழியே பார்த்தாள். வரப்பில் வந்த பாடை மதிலுக்கு அந்தப் பக்கம் நின்றது. அவள் வெளியே ஓடினாள். மதிலுக்கு மேல் கண்ணுசாமியின் தலை தெரிந்தது. அமிர்தத்தின் புருஷன்.

"யாருங்க, கண்ணுசாமி?"

"அமிர்தம்தாம்மா. விடியக்காலைல நெஞ்சு வலிக்குதுன்னா. ஆட்டோ வர்றதுக்குள்ள போயிட்டா."

மேகலாவுக்கு எல்லாம் அந்த ஒரு நொடியில் புரிந்தது. ஆத்திர அவசரம். கொஞ்சம் அகலமா.

"நாலு வரிசைக் கல்ல எடுத்துக்கிறோம்மா. நாளைக்கே நாங்க வச்சுக் குடுத்துடுறோம். இந்தப் பக்கமா அப்படியே ரோட்டுக்கு ஏறிடுவோம். வயல்ல தொடை மட்டும் தண்ணி நிக்குது."

பின்னாலேயே வந்த நடராசன் அவள் கையைப் பிடித்து இழுத்தார். "பால் காச்சி எத்தனை நாளாச்சு? வாசல்ல பொணம் போவணுமா? ஏய் கண்ணுசாமி, வேற வழி பாரு."

அவர் அப்படிப் பேசுவார் என்பது அவளுக்குத் தெரியும். அவரைச் சமாளிப்பது அவளுக்குப் பழக்கம். அன்று அவளைத் தடுத்தது அவர் அல்ல. கடையில் எத்தனையோ பேருக்கு அவளே சொன்ன புத்திமதி: 'உங்க இடத்துல ஒருத்தர நடக்க விட்டீங்கன்னா, நடந்ததே நாளைக்கு உரிமையாயிடும். விடறதுன்னா, அனுமதியிலதான் நடக்கறேன்னு எழுதி வாங்கிக்கிட்டு விடுங்க.' தெருவில் கிடந்த சாமான்கள் கண்முன் வந்தன. அம்மா நின்ற நிலை வந்தது. மேகலா உள்ளே போனாள். திரும்பி வரும்போது அவள் கையில் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் இருந்தன.

"எடுத்துக்குங்க கண்ணுசாமி, கல்ல எடுத்துக்குங்க. இன்னிக்கு மட்டும் அனுமதிச்சாங்கன்னு இதுல ரெண்டு வரி... ஒரு கையெழுத்து..."

பறை நின்றுவிட்டது. கண்ணுசாமி தாளைப் பார்த்தார், பேனாவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"அவள எறக்கி வச்சிட்டுக் கையெழுத்துப் போடணுமாம்மா?"

அவள் பதில் சொல்வதற்குள் அவர் திரும்பிவிட்டார். "வயல்ல எறங்குங்கடா" என்றார். பாடை வரப்பிலிருந்து சம்பாப் பயிருக்குள் இறங்கியது. சேற்றில் ஒருவன் கால் புதைந்து பாடை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மாலை நழுவித் தண்ணீரில் விழுந்தது. சாலையிலிருந்து எவனோ, "பயிர மிதிக்காதீங்கடா டேய்!" என்று கத்தினான். மேகலா தாளும் கையுமாக நின்றுகொண்டிருந்தாள். அவர்கள் மதிலைச் சுற்றி, அடுத்த வயலையும் தாண்டிச் சாலையில் ஏறுகிறவரை அங்கேயே நின்றாள்.

மறுநாள் கடையில் பாயிடம் சொன்னாள்.

"சட்டப்படி நீ சொன்னது சரிதானேம்மா" என்றார் அவர், ஆறுதலாக.

"சட்டப்படியும் தப்பு பாய். எத்தனை தலைமுறையா நடக்கிறாங்க. உரிமை ஏற்கெனவே அவங்களோடது. என் இடத்துல நான் அனுமதி குடுக்கறதுக்கு என்ன இருக்கு? பேனாவை நீட்டினப்ப அது தோணலை. ராத்திரி முழுக்கத் தோணுச்சு."

பாய் தேநீர் கிளாசை அவள் பக்கம் நகர்த்தினார். அன்று 'வில்லங்கம் இருக்கா' என்று கேட்டு வந்த ஒருவரை அவரே, "வேற நாள் வாங்க" என்று அனுப்பினார்.

அடுத்த வாரம் ஆள் வைத்துப் பின்மதிலைப் பாடை தாராளமாகப் போகிற அகலத்துக்கு இடித்தாள். அந்தத் திறப்பிலிருந்து சாலை வரையுள்ள கீற்று நிலத்தை ஊராட்சிக்குப் பாதையாக எழுதிக் கொடுத்துவிடலாம் என்று நடராசனிடம் கேட்டாள். "என் கையெழுத்து இல்லாம முடியாதுல்ல?" என்றார் அவர். முடியாது. இரண்டு பேர் பெயரிலும் இருக்கட்டும் என்று பிடிவாதம் பிடித்தவள் அவள்தான்.

தை பிறந்து அறுப்பு முடிந்த பிறகு, திறப்பைப் பற்றியாவது சொல்லிவிடலாம் என்று காலனிக்குப் போனாள். கண்ணுசாமி நாற்காலி போட்டார். அவள் உட்காராமலே சொன்னாள்: மதிலை இடித்துவிட்டேன், இனி யாரும் கேட்க வேண்டியதில்லை, எப்போது வேண்டுமானாலும் வரலாம்.

அவர் காலி நாற்காலியை ஓரமாக நகர்த்தினார்.

"நல்லதும்மா. ஆனா எங்களுக்கு உங்க கொல்லை வேணாம். தெருவுல பேசி முடிவு பண்ணிட்டோம். இனிமே நடுத்தெரு ரோட்டுலதான் எடுப்போம். கவர்மெண்டு ரோடு, கவர்மெண்டு லைட்டு. ஏன் வரப்புல எடுக்கணும்? அவ இருந்தவரைக்கும் இதைத்தான் சொல்லிட்டே இருந்தா. நான்தான், வழி ஒண்ணு இருக்குல்ல, வம்பு எதுக்குன்னு அடக்கிவச்சேன்."

மேகலா தலையைக் குனிந்துகொண்டாள். மதிலில் ஏன் கேட்டு வைக்கவில்லை என்றுதான் இத்தனை நாளும் தன்னைத்தானே குடைந்துகொண்டிருந்தாள். சிமெண்டுச் சாலை இருக்கும்போது அமிர்தம் ஏன் வரப்பில் வரவேண்டும் என்ற கேள்வி அவளுக்கும் வரவில்லை. ஊரெல்லாம் கேள்வி கேட்கிற மேகலாவுக்கு.

கண்ணுசாமி உள்ளே போய் ஒரு மனுவை எடுத்து வந்தார். "கலெக்டருக்குக் குடுக்கப் போறோம். எங்க தெருவுல எல்லாரும் போட்டாச்சு. ரோட்டுப் பக்கத்துலேருந்து ஒரு ஆளும் போடலை."

அவள் வாங்கினாள். கண்ணாடியை இறக்கிக்கொண்டாள். விரல் வழக்கம்போல முதல் வரிக்குப் போனது.

"படிச்சுப் பாத்துட்டுத்தான் போடுவீங்களாம்மா?"

குரலில் கேலி இருந்ததா, வெறும் கேள்விதானா என்று அவளுக்குத் தெரியவில்லை. விரல் நின்றது. கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் கையெழுத்துப் போட்டாள். வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு வரிகூடப் படிக்காமல்.

சாலை வழியாகச் சுற்றிப் போக மனம் வரவில்லை. வரப்பில் இறங்கி நடந்தாள். அறுத்த தாள் கட்டைகளுக்கு நடுவே அது எதிர்பார்த்ததைவிட அகலமாகவே இருந்தது. மதிலருகே வந்து, பாடை நின்ற இடத்தில் நின்றாள். அடுப்படி ஜன்னல் இவ்வளவு பக்கத்தில் இருக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. உள்ளே அலமாரியில் இருக்கிற டம்ளர்கள்கூடத் தெரிந்தன. மழையில் நனைந்துகொண்டு இங்கே நின்ற அத்தனை பேரும், தாளும் பேனாவும் தேடி அந்த ஜன்னலுக்குள் அவள் இங்கும் அங்கும் போய்வந்ததைப் பார்த்துக்கொண்டுதான் நின்றிருக்கிறார்கள்.