டிராஃப்ட்டுல என் பேரு வருமா?

எங்க தொழில்ல நல்லா ஆடினா மட்டும் பத்தாது, ஏசி ரூம்ல உட்கார்ந்திருக்கிற யாராவது ஒருத்தர் நம்ம பேரை வாய்விட்டுச் சொல்லணும். தொழில் என்னன்னா, பொம்பளைங்க கூடைப்பந்து. வருஷா வருஷம் லீக் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி டிராஃப்ட்னு ஒன்னு நடக்கும். டீம்காரங்க முறை வெச்சு, ரவுண்டு ரவுண்டா, ஆளுக்கு ஒரு பொண்ணா பேர் சொல்லி எடுப்பாங்க. பேரு வந்தா அந்த வருஷம் வேலை உண்டு. வரலைன்னா வீட்டுக்குப் போய் மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, உரிக்க வேண்டியதுதான். இன்டர்வியூ முடிச்சுட்டு போனையே பாத்துக்கினு உட்கார்ந்தவங்க, "ஊருக்குப் போய் சொல்லி அனுப்பறோம்"னு போன மாப்பிள்ளை வீட்டுக்குக் காத்திருந்தவங்க, எல்லாரும் வாங்க. நாமெல்லாம் ஒரே கட்சி.

வலம் வந்த வினை

டிராஃப்ட்டுக்கு முன்னாடி சென்னையில கேம்ப் வெச்சு எல்லாரையும் ஆடவிட்டுப் பாப்பாங்க. முதல் நாள் காலையில கோர்ட்டைச் சுத்தி ஓடச் சொன்னாங்க. திருவண்ணாமலையில எதைச் சுத்தினாலும் வலது கைப்பக்கம் வெச்சுதான் சுத்துவோம். மலையாகட்டும், கோயிலாகட்டும், ஸ்கூல் கிரவுண்டாகட்டும். கால் தானா அந்தப் பக்கம் திரும்பிடுச்சு. மத்த பொண்ணுங்க அத்தனை பேரும் இடது பக்கமா சுத்தி வர, நான் மட்டும் எதிர்ல போய் ஒரு கேரளாப் பொண்ணு மேல மடார்னு மோதி, ரெண்டு பேரும் தரையில.

பாவம், அவளே எழுந்து என் முட்டிக்கு ஐஸ் வெச்சா. இன்னிக்கு வரைக்கும் அவ எனக்கு உசிர் ஃபிரண்டு. கேம்ப் கோச் விசிலைத் துப்பிட்டு ஓடி வந்தாரு. "சார், அப்படிச் சுத்தினா எங்க ஊர்ல அபச்சாரம்"னு முனகினேன். அவரு தலையில கைய வெச்சுக்கினாரு. "ஏம்மா, நடுவுல சாமியா இருக்குது? எல்லாரும் போற பக்கம் போம்மா தாயி!"

பரண் மேல அண்டா

எங்கப்பா கீழ்பென்னாத்தூருக்கும் திருவண்ணாமலைக்கும் வேன் ஓட்டறாரு. போன வருஷ டிராஃப்ட்டை அந்த வேன்லயே, என் போன்ல, பேசஞ்சருங்களோட பாத்தேன். அதுக்கு முந்தின வருஷம் என் பேரு வரல. இந்த வாட்டி கண்டிப்பா வரும்னு வேன் மொத்தமும் நம்பிக்கினு இருந்துச்சு. கடைசிப் பேரையும் வாசிச்சு முடிச்சாங்க. என்னுது இல்ல. அப்பா கண்ணாடியில என்னையே பாத்துக்கினு ஓட்டினாரு.

அழுகை முட்டிக்கினு வருது. பக்கத்து சீட்ல காய்கறி வியாபாரம் பண்ற செல்விக்கா. அவங்க மூட்டைய வேன் மேல ஏத்தித் தர்றது எப்பவும் நான்தான், எனக்கு ஏணியே வேணாம். அவங்க முந்தானையால என் மூஞ்சைத் தொடச்சுவிட்டு, வேன் மொத்தத்துக்கும் கேக்கற மாதிரி கத்தினாங்க. "எடுக்கலன்னா போவட்டும் விடுடி! ஒசரத்தோட அருமை அவங்களுக்கு என்னா தெரியும்? அவங்க வீட்ல பரண் மேல அண்டாவே இல்லபோல!"

எந்த டீமுக்கு?

அப்புறம் வீட்ல மாப்பிள்ளை பேச்சு ஆரம்பிச்சுடுச்சு. நானும் வீம்புக்கு, "இந்த வருஷமும் எடுக்கலன்னா பந்தையே தொடமாட்டேன், நீ சொல்றதைக் கேக்கறேன்"னு அம்மாவுக்கு வாக்கு குடுத்துட்டேன். குடுத்த பிறகுதான் யோசிச்சேன். பந்தை விட்டா எனக்கு வேற என்னா தெரியும்?

நேரா கோயிலுக்குப் போனேன். அர்ச்சனைக்குப் பேரு, நட்சத்திரம் சொன்னதும், குருக்கள் என்னை அண்ணாந்து பாத்து என்ன வேண்டுதல்னு கேட்டாரு. டிராஃப்ட் கதைய முழுசா சொன்னேன். பின்னாடி க்யூவுல ஒரே முனகல். அவரு பொறுமையா கேட்டுட்டு, எந்த டீமுக்குன்னாரு. எந்த டீமா இருந்தாலும் சரி சாமின்னேன். "அப்போ பொதுவா சொல்லிடறேன்மா. டீமை அண்ணாமலையார் பாத்துக்கட்டும், அவருக்கும் கொஞ்சம் வேலை இருக்கட்டுமே!"

மௌன விரதம்

இந்த வருஷ டிராஃப்ட் சரியா பௌர்ணமியன்னிக்கு வந்து தொலைச்சுது. கிரிவலத்துக்கு ஜனம் குவிஞ்சுட்டா எங்க ஊர்ல போன் வெறும் டப்பாதான். ரமணாசிரமம் பக்கத்துல என் ஃபிரண்டு கலா காபிக் கடை வெச்சிருக்கா, அங்க வைஃபை இருக்கும்னு ஓடினேன். வியாபாரத்தை விட்டுட்டு அவ தன் லேப்டாப்பையே எடுத்து மேஜை மேல வெச்சா. பக்கத்து மேஜையில ஒரு வெள்ளைக்கார அம்மா. சட்டையில 'மௌனம்'னு அட்டை குத்தியிருந்தாங்க. மாசக்கணக்கா வாயே திறக்கலியாம். எங்க மூஞ்சைப் பாத்து ஏதோ பெரிய விஷயம்னு புரிஞ்சுக்கினு, நாற்காலிய நகர்த்திப் போட்டு பக்கத்துல உட்கார்ந்தாங்க. கலா அவங்களுக்கு கதைய இங்கிலீஷ்ல சொன்னா.

ரவுண்டு மேல ரவுண்டு போவுது. காபி ஆறிப் போச்சு. கேரளா ஃபிரண்டு பேரு வந்துச்சு. சந்தோஷம்தான், ஆனா என் பேரு இன்னும் வரல. கடைசி ரவுண்டும் வந்துடுச்சு. இனிமே எங்க வரப்போவுதுன்னு எழுந்துக்கறேன், என் பேரு! நான் மரம் மாதிரி நிக்கறேன். அந்த அம்மாதான் கூரை பிச்சுக்கற மாதிரி "யெஸ்!"னு கத்தி என்னைக் கட்டிப் புடிச்சாங்க. கலா கண்ணைத் தொடச்சுக்கினே சிரிச்சா. "அடிப்பாவி, உனக்கு வேலை கெடச்சுது சரி, அவங்க விரதத்தைக் கெடுத்துட்டியேடி!"

முன் சீட்டு

அப்பாவுக்குச் சொல்லணும். போன் போனாதானே? பௌர்ணமியன்னிக்கு வண்டிங்கள ஊருக்கு வெளியவே நிறுத்திடுவாங்க. கூட்டத்தை விலக்கிக்கினு திண்டிவனம் ரோடு வரைக்கும் நடந்தே போனேன். அப்பா வேன் கிளம்பத் தயாரா நின்னுக்கினு இருந்துச்சு. உள்ள மூச்சு விட இடமில்ல, படியில ஆளுங்க தொங்கறாங்க. டிரைவர் பக்கத்து சீட்டு மட்டும் காலி. அதுமேல அப்பாவோட துண்டு. அன்னிக்கு ஒரு சீட்டுக்கு அடிதடியே நடக்கும். ஒரு பெரிய மனுஷன், "ஆளே இல்லாத சீட்டுக்கு துண்டு எதுக்குய்யா?"னு சண்டைக்கே வந்துட்டாரு.

அப்பாவுக்கு சேதியே தெரியாது. என்னைப் பாத்ததும் துண்டை எடுத்து தோள்ல போட்டுக்கினு, நான் வாயத் திறக்கறதுக்குள்ள சொன்னாரு. "ஏறும்மா. காலையிலருந்து இந்த சீட்டை எவனுக்கும் குடுக்கல. அவங்க எடுத்தாலும் சரி, எடுக்காட்டியும் சரி, எம்பொண்ணு காலை நீட்டி உட்கார்ந்துதான் வீட்டுக்கு வரணும்."

கடைசி ரவுண்டுல என்னை எடுத்த டீம் மாசாமாசம் சம்பளம் தருது, ரவுண்டே வெக்காம எடுத்துக்கின எங்கப்பா மறுநாள் காலையிலயே வேன் கழுவ வாளிய நீட்டிட்டாரு.