பட்டியலில் இல்லாத இளநீர்

டொக்டர் தேவராசாவைப் பற்றி உரும்பிராயில் யாராவது குறை சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சொந்தத் தங்கச்சிக்கே பழுதான மருந்தேற்றிக் கொன்றவராம்! ஆஸ்பத்திரியில் அவருடைய வாட்டில் ஆறு வருடம் நேர்சாக இருந்தவள் நான். அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். இனி நான் ஏன் வாயைப் பொத்திக்கொண்டிருக்க வேண்டும்?

அது 1991, சண்டைக்காலம். கரண்ட் இல்லை, இரத்தம் சோதிக்க வழியும் இல்லை. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு வயிற்றுக்குள் குழாய் விட்டு மருந்துநீரை ஏற்றி, கழிவோடு வடித்தெடுப்போம். ஆட்கள் தெளிந்து, எழும்பியிருந்து கதைப்பார்கள். பிறகு மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, இருந்தாற்போல் நெஞ்சு நின்றுவிடும். அப்படி ஏழு பேர் போனார்கள். திகதி முடிந்த மருந்துநீர்தான் காரணம் என்று நாங்கள் நினைத்தோம். டொக்டர் நம்பவில்லை. எவ்வளவு ஏற்றியது, எவ்வளவு வடிந்தது, நோயாளி என்ன தின்றது என்று எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதுவார். சரியான விசர் மனுசன், தேத்தண்ணீர் ஆறிப்போனதுகூடத் தெரியாமல் எழுதிக்கொண்டிருப்பார்.

எட்டாவதாக வந்து படுத்தது அவருடைய தங்கச்சி அருந்ததி. முப்பத்தொரு வயது, பள்ளிக்கூட ரீச்சர். தாய் மீனாம்பிகை அம்மா நாள் தவறாமல் வருவார். தண்ணீர் அளவாக, பழம் வேண்டாம், கீரை வேண்டாம் என்று மகன் எழுதிக்கொடுத்த பட்டியலை அப்படியே கடைப்பிடித்தார். அருந்ததியும் நன்றாகத் தேறினாள். வீட்டுக்குப் போனதும் தோசை சுட்டுத் தின்னவேண்டும் என்று என்னிடம் சொன்னாள். ஐந்தாம் நாள் காலை செத்துப்போனாள்.

அவளுடைய சாமான்களை எடுத்துவைக்கும்போது டொக்டர் ஒரு போத்தலை மணந்து பார்த்து, இதில் என்ன இருந்தது என்று கேட்டார். இளநீர், அம்மா ஒவ்வொரு நாளும் கொண்டுவந்து பருக்கினவர் என்றேன். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன், தடுக்கவில்லை. வருத்தக்காரரைப் பார்க்க வருகிறவர்கள் இளநீர் கொண்டுவருவது வழக்கம்தானே. அதைச் சாப்பாடென்று யார் கணக்கெடுத்தார்கள்?

டொக்டர் அந்த வெறும் கட்டிலிலேயே இருந்துவிட்டார். இளநீரில் பொட்டாசியம் அதிகம், பழுதான சிறுநீரகம் அதை வெளியேற்றாது, இரத்தத்தில் ஏறி நெஞ்சை நிற்பாட்டிவிடும் என்று மெதுவாகச் சொன்னார். அன்றைக்கே ‘இளநீர் கொடுக்கவேண்டாம்’ என்று எழுதி வாட் வாசலில் ஒட்டினார். தங்கச்சியின் எட்டாம் நாள் சடங்கு, எட்டுச்செலவு, முடிந்த கையோடு, முன்பு செத்த ஏழு பேரின் வீடுகளுக்கும் சைக்கிளில் போய் இளநீர் கொடுத்தீர்களா என்ற ஒரே கேள்வியைக் கேட்டார். ஆறு வீட்டில், ஓம், நல்ல இளநீராகப் பார்த்துப் பிடுங்கிக் கொடுத்தோம் என்றார்கள். அதற்குப் பிறகு எங்கள் வாட்டில் அப்படி ஒருவரும் சாகவில்லை.

தாய்க்கு மட்டும் அவர் சொல்லவில்லை. மீனாம்பிகை அம்மா மகனோடு கதைப்பதை விட்டார். பிள்ளையைக் கொன்றுபோட்டான் என்று கோயிலடியிலும் சந்தையிலும் சொல்லித் திரிந்தார். என்னால் பொறுக்க முடியவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று வெளிக்கிட்டேன். டொக்டர் மறித்தார்.

“வேண்டாம் சீலா. பட்டியலிலை எழுத மறந்தது நான். தன்ரை கையாலைதான் குடுத்தது எண்டு தெரிஞ்சா அம்மா உயிரோடை இருக்கமாட்டா. என்னிலை கோவத்தோடை எண்டாலும் இருக்கட்டும்.”

நாலு வருடம் அந்தக் கோபத்தோடு இருந்து, 95 ஆவணியில் அம்மா கண்ணை மூடினார். மகன் கொள்ளி வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் செத்தார். டொக்டருடைய ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் கொள்ளி வைத்தான். டொக்டர் செத்தவீட்டுப் படலைக்கு வெளியே, ஊர்ச்சனத்துக்குப் பின்னால் நின்றார். ஒருவரும் அவரை உள்ளே வரச்சொல்லவில்லை.