மகாதேவியின் கல்

மகாதேவியின் வீட்டு உள்ளறையில் கனமான ஏதோ ஒன்று சிமெந்துத் தரையில் உருளும் சத்தம் கேட்டது. முன்னறைக் கதிரையில் இருந்த தேங்காய் வியாபாரி கதிரவேலு முதலாளி தேத்தண்ணிக் குவளையைக் கீழே வைத்தார்.

மகாதேவி குனிந்து, ஒரு வெள்ளைக் கல்லை இரு கைகளாலும் உருட்டி வந்து அவர் காலடியில் நிறுத்தினாள். அதன் ஒரு பக்கம் கரிபிடித்துக் கறுத்திருந்தது.

“சந்தையிலை கிடந்த என்ரை கல்லை ஆர் தூக்கினது, அண்ணை?”

“நான்தான் பிள்ளை. சைக்கிள் காரியரிலை கட்டிக் கொண்டந்து உன்ரை மகளிட்டைக் குடுத்தனான். போன கிழமை குண்டு விழுந்த இடத்திலை இனி ஆர் இருக்கிறது? என்ரை தென்னங்காணிக்குள்ளை சந்தையைக் கூட்டுவம். நல்ல நிழல்.”

எங்கள் பட்டினத்துச் சந்தை முற்றத்தில் இருப்பவர்கள் எவரிடமும் காணி உறுதிப் பத்திரம் கிடையாது. சாக்கை விரித்து ஒரு கல்லை வைத்தால் அது அவரவர் இடம். நோயில் படுத்து ஒரு மாதம் வராவிட்டாலும் பிறர் தொடார். கல் வீட்டுக்குப் போய்விட்டால் இடத்தைக் கைவிட்டதாக அர்த்தம். வேறொருவர் தூக்கினால், தூக்கிய கையே திரும்ப வைக்கவேண்டும். அதுவரை அந்தக் கை விற்பதை ஒருவரும் வாங்கார். கருவாடும் புகையிலையும் ஏற்றி வந்த வண்டில்கள் நல்ல தண்ணீர்க் கிணற்றடியில் மாடு அவிழ்த்த காலத்து வழக்கம் அது. பிறகு கூரை வந்தது. குத்தகைக்காரர் வந்தார்கள். எண்பத்து நாலில் எல்லாம் எரிந்தது.

புருசனைப் பறிகொடுத்து, கைக்குழந்தையோடு கத்தரிக்காய்க் கடகம் சுமந்து வந்தவள் மகாதேவி. எரிந்த மறுநாள், சாம்பலின் சூடு ஆறுமுன்னே, கண்ணீரைத் துடைத்துக்கொண்டு புதுச் சாக்கு விரித்து, தீயில் கறுத்த அதே கல்லை வைத்தவளும் அவள்தான். அதைப் பார்த்துத்தான் மற்றப் பெண்கள் வந்தார்கள். அவள் இடத்தை விட்டு எழும்பினால் அவர்களும் எழும்புவார்கள் என்பது முதலாளிக்குத் தெரியும்.

“குண்டுக்கு எனக்கும் பயம்தான்” என்றாள். “பிளேன் சத்தம் கேட்டால் பங்கருக்குள்ளை முதல் குதிக்கிறது நான். ஆனால் ஏறி வந்தால் இருக்க எனக்கொரு இடம் கிடக்கு. உங்கடை காணியிலை என்னை எழும்பச் சொன்னால் எங்கை போறது?”

“நான் அப்பிடிச் சொல்லுவனே?”

“நீங்கள் சொல்லமாட்டியள். உங்கடை மருமோன் சொல்லுவார். உங்கடை வளவுக்குப் பூட்டப் படலை இருக்கு, அண்ணை. சந்தைக்குப் படலை இல்லை.”

முதலாளி சிரிக்கப் பார்த்தார். “சரி, சரி. ஒரு கல்லுக்கு இவ்வளவு கதையே? ஆரையேன் விட்டு வைப்பிக்கிறன்.”

“தூக்கின கைதான் வைக்கோணும். இல்லாட்டில் உங்கடை தேங்காயை இனி நீங்களே துருவிச் சம்பல் போட்டுச் சாப்பிடுங்கோ.”

“எல்லாரும் பாக்க நான் இதைச் சுமக்கிறதோ?”

“ஆரும் பாக்காமல்தானே தூக்கினியள்? வைக்கேக்கை பாக்கட்டும்.”

அவள் கண்கள் நிறைந்திருந்தன. ஆனால் நின்ற இடத்தை விட்டு அவள் அசையவில்லை.

முதலாளி கதிரையை விட்டு எழும்பினார். பிறகு சால்வையை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, குனிந்து அதைத் தூக்கினார். வாசல்படியில் மூச்சு வாங்கியது.

“எந்தப் பக்கம் மேலை?” என்று கேட்டார்.

“எரிஞ்ச பக்கம். அது எல்லாருக்கும் தெரியட்டும். நான் கடகத்தோடை பின்னாலை வாறன்.”

கல்லைக் காரியரில் கட்டி, ஏறி மிதிக்காமல், சைக்கிளை உருட்டிக்கொண்டு அவர் சந்தைப் பக்கம் திரும்பினார். திரும்பும்வரை பார்த்து நின்ற மகாதேவி, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்து, கடகத்தைத் தலையில் ஏற்றி, வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.